செலவைக் குறைத்தவர் நகரை ஆள வந்தபோது: ஜேம்ஸ் கசன்ஸின் இரண்டு கணக்கேடுகள்

மழைக்காலத்தில் ஒரு பெருநகரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இந்தியாவின் படித்த நடுத்தர வகுப்பிடமிருந்து ஒரே யோசனை எழுகிறது. மாநகராட்சியை அரசியல்வாதிகளிடமிருந்து மீட்டு, இலாபத்தில் ஓடும் ஒரு நிறுவனத்தின் தலைவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அது. வீண்செலவை வெட்டத் தெரிந்தவர், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர், வேலை செய்யாதவரை வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர் வந்தால் சாக்கடை அடைப்பு நீங்கிவிடும் என்று நம்பப்படுகிறது. எதிர்த் தரப்பின் வாதமும் அதே அளவுக்குப் பழகிப்போனது: வணிகருக்கு இலாபம் தெரியும், மக்கள் தெரியாது.

இரண்டு வாதங்களும் மனிதரின் குணத்தைப் பற்றியவை. அதற்கு முன்பே எழ வேண்டிய ஒரு கேள்வி இரண்டிலும் விடுபட்டுப் போகிறது. செலவைக் குறைக்கும்போது அந்தச் செலவு எங்கே செல்கிறது? உண்மையிலேயே மறைகிறதா, அல்லது வேறொருவரின் கணக்கில் ஏறுகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க நூறாண்டுக்கு முந்திய அமெரிக்க நகரம் ஒன்றும், அதன் மேயராக இருந்த ஒரு கணக்கரும் பெரிதும் உதவக்கூடியவர்கள். நகரம் டெட்ராய்ட். கணக்கர் ஜேம்ஸ் கசன்ஸ்.

கசன்ஸ் 1872ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள சாத்தம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதிலேயே எல்லையைக் கடந்து டெட்ராய்ட் வந்து, மிச்சிகன் சென்ட்ரல் இரயில்வேயில் சரக்குப் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு அலெக்சாண்டர் மால்கம்சன் என்ற நிலக்கரி வணிகரிடம் எழுத்தரானார். 1903இல் ஹென்றி ஃபோர்டு என்னும் பொறியாளருக்கு மால்கம்சன் முதலீடு திரட்டியபோது, கசன்ஸ் கையிலிருந்த பணத்தையும் தமக்கையிடம் வாங்கிய 100 டாலரையும் கடன் உறுதிச் சீட்டுகளையும் சேர்த்து 2,500 டாலர் பங்கு எடுத்தார். புதிய நிறுவனத்தின் செயலாளராகவும் ஆனார். காரை உருவாக்கியவர் ஃபோர்டு. அதை ஒரு நிறுவனமாக நிலைநிறுத்தியவர் கசன்ஸ் என்று சொல்வதில் மிகை அதிகம் இல்லை.

அந்த ஆண்டு ஜூலையில் நிறுவனத்தின் வங்கி இருப்பு 223 டாலர் 65 சென்ட் வரை இறங்கியது. சிகாகோவைச் சேர்ந்த ஒரு பல் மருத்துவர் முதல் காருக்கு 850 டாலர் அனுப்பியதால் அது பிழைத்தது. பணம் தீர்ந்துபோவதன் விளிம்பில் நின்ற அந்த நாட்கள் கசன்ஸின் மனப்போக்கைத் தீர்மானித்தன என்று கொள்ள இடமுண்டு. கொள்முதல், விற்பனை, முகவர் நியமனம், விளம்பரம், சம்பளப் பட்டியல் என ஒவ்வொரு சென்ட்டும் அவர் கண்ணில் பட்டே வெளியேறியது. அவர் ஆண்டுக்கு ஒரு முறைதான் சிரிப்பார், அன்றுதான் பேரேரிகளில் பனிக்கட்டி உடையும் என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்களாம். சிக்கனமும் கடுகடுப்பும் ஒரே உடலில் குடியிருந்த மனிதர் அவர்.

அந்தச் சிக்கனக்காரர் இருந்த நிறுவனம்தான் 1914 ஜனவரி 5 அன்று, தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்து உலகைத் திகைக்க வைத்தது. அதுவரை ஒன்பது மணி நேர வேலைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2 டாலர் 34 சென்ட். இப்போது எட்டு மணி நேரத்துக்கு இரு மடங்குக்கும் மேல். யோசனை யாருடையது என்பதில் ஃபோர்டு தரப்பும் கசன்ஸ் தரப்பும் இறுதிவரை உடன்படவில்லை. இதைக் கருணைச் செயலாகவே பாடப்புத்தகங்கள் பலவும் சித்திரிக்கின்றன. கணக்கைப் பார்த்தால் வேறு கதை தெரியும். நகரும் தொடர்வரிசை வந்தபின் ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணியாகக் குறைந்தது. ஆனால் அந்த வேலையின் சலிப்பைத் தாங்க முடியாமல் மனிதர்கள் ஓடினார்கள். 1913இல் ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் நிறுத்தி வைக்க 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு புதியவரையும் பழக்குவதற்கு ஆகும் செலவு ஐந்தொகையில் தனி வரியாகத் தெரியாது. ஆனால் அது இருந்தது. ஐந்து டாலர் கூலி அந்த மறைந்த செலவை வெட்டியது. கூலி உயர்வே செலவுக் குறைப்பாக அமைந்த அபூர்வமான இடம் இது. அந்தப் பணத்தைப் பெறத் தொழிலாளி தன் வீட்டுக்குள் நிறுவன விசாரணையாளரை அனுமதிக்க வேண்டியிருந்தது என்பதும், தொடக்கத்தில் பெண்களுக்கு அது மறுக்கப்பட்டது என்பதும் அதே கணக்கின் பகுதிகள்.

கண்ணுக்குத் தெரியும் செலவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று உண்டு என்ற இந்த அறிவுதான் கசன்ஸ் நகராட்சிக்குக் கொண்டுவந்த உண்மையான மூலதனம்.

1915 அக்டோபரில் ஃபோர்டுடன் முறிவு ஏற்பட்டது. நிறுவனத்தின் இதழில் ஃபோர்டின் போர் எதிர்ப்புக் கருத்துகளை அச்சிட கசன்ஸ் மறுத்ததே உடனடிக் காரணம். 1916இல் டெட்ராய்ட் காவல் ஆணையரானார். 1918 நவம்பரில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1919 ஜனவரியில் பதவியேற்றார். கட்சி சார்பற்ற தேர்தலையும் ஒன்பது உறுப்பினர் மன்றத்தையும் கொண்ட புதிய சாசனம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. 1910இல் 4,65,766 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1920இல் 9,93,678 ஆகியிருந்தது. பத்தாண்டில் இரு மடங்காகப் பெருத்த நகரத்தில் பள்ளியும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வீடும் எப்படி இருந்திருக்கும் என்பதை இந்திய வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

1919ஆம் ஆண்டை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், டாட்ஜ் சகோதரர்கள் ஃபோர்டு மீது தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. வணிக நிறுவனம் முதன்மையாகப் பங்குதாரரின் இலாபத்துக்காகவே நடத்தப்படுகிறது என்று சொன்ன அந்தத் தீர்ப்பு இன்றுவரை உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. அதைத் தொடர்ந்து ஃபோர்டு மற்றப் பங்குதாரர்கள் அனைவரின் பங்குகளையும் விலைக்கு வாங்கினார். கசன்ஸுக்குக் கிடைத்தது மூன்று கோடி டாலருக்குச் சற்றே குறைவு. நிறுவனம் யாருக்காக என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லிவிட்ட ஆண்டில், நகரம் யாருக்காக என்ற கேள்விக்கு விடை தேடும் நாற்காலியில் அந்த நிறுவனத்தின் பழைய கணக்கர் அமர்ந்திருந்தார்.

விடை தேடிய களம் டிராம் வண்டி. டெட்ராய்ட் தெருக்களில் ஓடிய டிராம்கள் டெட்ராய்ட் யுனைடெட் ரெயில்வே என்ற தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். சில முக்கியத் தடங்களில் உரிமக் காலம் முடிந்த பிறகும் அது ஓட்டிக்கொண்டிருந்தது. கட்டணமோ தீராத சண்டைக்குரியதாக இருந்தது. நெரிசலைச் சொல்லவே வேண்டாம். இந்தச் சண்டையைத் தொடங்கியவர் கசன்ஸ் அல்லர். அவருக்கு முப்பதாண்டு முன்னரே ஹேசன் பிங்க்ரீ என்ற காலணி உற்பத்தியாளர், வணிகர்களின் வேட்பாளராக 1889இல் மேயர் தேர்தலில் வென்று, 3 சென்ட் கட்டணத்துக்காக டிராம் முதலாளிகளுடன் மோதினார். 1894இல் வேலையற்றோர் உருளைக்கிழங்கு பயிரிட நகரின் காலி மனைகளைத் திறந்துவிட்டவரும் அவரே. சிக்கன நிர்வாகி வேண்டுமென்று வணிகர்கள் அனுப்பிய இருவருமே நகராட்சிக்குள் நுழைந்தபின் தனியுரிமை முதலாளிகளுக்கு எதிரிகளானார்கள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. உற்பத்தியாளருக்குத் தொழிலாளி நேரத்துக்கு ஆலைக்கு வந்து சேர வேண்டும். வழியில் ஒருவர் சுங்கம் வசூலித்தால் அந்தச் சுங்கம் கூலியிலிருந்துதான் போகிறது. அதைக் கணக்கரின் கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

கசன்ஸின் முதல் முயற்சி தோற்றது. டிராம் அமைப்பை 3 கோடியே 15 இலட்சம் டாலருக்கு வாங்கும் திட்டம் 1919 ஏப்ரலில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. நிறுவனத் தலைவராக இருந்திருந்தால் இயக்குநர் குழுவில் நான்கு பேரைச் சம்மதிக்க வைத்துக் காரியத்தை முடித்திருப்பார். இங்கே நகரத்தின் வாக்காளர்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். மேயர் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்து அவர் செய்தது வணிகப் புத்தியின் உச்சம். வாங்குவதற்குப் பதிலாக நகராட்சியே போட்டியாகத் தண்டவாளம் போடும் என்றார். அதற்கான 1 கோடியே 50 இலட்சம் டாலர் கடன்பத்திரங்களுக்கு 1920 ஏப்ரலில் மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். 1921 பிப்ரவரி 1 அன்று நகராட்சியின் முதல் டிராம் ஓடத் தொடங்கியது. சொந்தத் தடமும் சொந்த வண்டியும் கைக்கு வந்த பிறகு பேரத்தில் யார் பக்கம் பலம் என்பது மாறிவிட்டது. 1922 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் சம்மதிக்க, மே 15 அன்று தனியார் நிறுவனத்தின் நகரத் தடங்கள் 1 கோடியே 98 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு நகராட்சியின் கைக்கு வந்தன. இடையில் சில தடங்களைத் தனியாகவும் வாங்கியிருந்ததால், 1919இன் விலையையும் 1922இன் விலையையும் அப்படியே கழித்து மீதியை இலாபம் என்று எழுதிவிட முடியாது. ஆயினும் பொறுத்திருந்து, போட்டியை உருவாக்கி, பிறகு பேசியதால் விலை இறங்கியது என்பதில் ஐயமில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியும் அதே காலத்தில் உண்டு. சியாட்டில் நகரம் 1919இல் தன் டிராம் அமைப்பை 1 கோடியே 50 இலட்சம் டாலருக்கு வாங்கியது. தேய்ந்துபோன தண்டவாளங்களுக்கும் பழைய வண்டிகளுக்கும் அது மிக அதிகமான விலை என்று பின்னர் பலரும் எழுதினார்கள். அந்தக் கடன் அடுத்த இருபதாண்டு அந்நகரின் கழுத்தை நெரித்தது. பொதுவுடைமை என்ற நோக்கம் இரு நகரங்களுக்கும் ஒன்றுதான். ஒன்று கணக்கரோடு கடைக்குப் போனது. மற்றொன்று அவசரத்தோடு போனது. பொதுச்சொத்தை ஆதரிப்போர் சிக்கனத்தை எதிரியின் சொல்லாகக் கருதும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆனால் கசன்ஸின் வாழ்க்கையில் மிகக் கூர்மையான பாடம் டிராம் வெற்றியில் இல்லை. 1920-21 குளிர்காலத்தில் இருக்கிறது. போருக்குப் பிந்தைய மந்தத்தில் கார் விற்பனை சரிந்தது. 1920 டிசம்பர் இறுதியில் ஃபோர்டு ஆலை பூட்டப்பட்டு, ஏறத்தாழ ஆறு வாரங்கள் திறக்கவில்லை. அந்த வாரங்களில் செய்த செலவுக் குறைப்பை ஃபோர்டு தம் நூலில் பெருமையோடு பட்டியலிடுகிறார். அலுவலகப் பணியாளர் எண்ணிக்கை 1,074இலிருந்து 528ஆக வெட்டப்பட்டது. தொலைபேசி இணைப்புகளில் அறுபது விழுக்காடு பிடுங்கப்பட்டது. ஒரு காருக்கான மேற்செலவு 146 டாலரிலிருந்து 93 டாலராக இறங்கியது. விற்காத கார்கள் முகவர்களின் தலையில் கட்டப்பட்டன; பணத்துக்கு அவர்கள் உள்ளூர் வங்கிகளுக்கு ஓடினார்கள். நிறுவனம் வெளிக்கடனின்றித் தப்பியது. நிர்வாகவியல் நூல்களில் இது இன்றும் ஒரு வீரகாதை.

அதே வாரங்களில் நகர மண்டபத்தின் கதவைத் தட்டியவர்கள் யார்? ஆலை பூட்டியதால் கூலி இழந்தவர்கள். அவர்களுக்கு வாடகை கட்ட வேண்டும், அடுப்புக்கு நிலக்கரி வேண்டும், பிள்ளைக்குப் பால் வேண்டும். அந்தச் செலவை ஃபோர்டின் கணக்கேட்டிலிருந்து அடித்துவிட்டார்கள். அது உலகிலிருந்து அடிக்கப்படவில்லை. மேயர் கசன்ஸின் கணக்கேட்டில் வந்து உட்கார்ந்தது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஃபோர்டின் ஆலை இருந்த ஹைலண்ட் பார்க், நாற்புறமும் டெட்ராய்ட் சூழ்ந்திருந்தாலும், சட்டப்படி தனி நகரம். ஆலையின் சொத்துவரி அந்தச் சிறு நகரத்துக்குப் போயிற்று. ஆலையில் உழைத்தவர்களுள் பெரும்பகுதியினர் குடியிருந்தது டெட்ராய்டில். வரவு எல்லைக்கு அப்பாலும் செலவு எல்லைக்கு இப்பாலும் விழும்படி வரைபடமே அமைந்திருந்தது.

நிறுவனத்துக்கு 'வெளி' என்று ஓர் இடம் உண்டு. ஆளைக் குறைத்தால் அவர் வெளியே போகிறார்; கழிவை ஆற்றில் விட்டால் அது வெளியே போகிறது; சரக்கை முகவர் மீது தள்ளினால் கடன் வெளியே போகிறது. இலாபத்தின் கணிசமான பகுதி இந்த வெளியை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நகராட்சிக்கு வெளி கிடையாது. துப்புரவுத் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கினால் அவர் மாலையில் அதே நகரத்தின் ஒரு குடிசைக்குத்தான் திரும்புகிறார். அவருடைய பிள்ளை நகராட்சிப் பள்ளியில் படிக்கிறது. அவர் நோயுற்றால் நகராட்சி மருத்துவமனையில் படுக்கிறார். இங்கே வெட்டிய செலவு அங்கே முளைக்கிறது. இரண்டு நாற்காலிகளிலும் அமர்ந்து பார்த்ததால் கசன்ஸுக்கு இது தெரிந்தது. வேலையற்றோருக்கு உதவுவது தனியார் அறத்தின் வேலை என்று அக்காலச் செல்வர்கள் கருதிக்கொண்டிருந்தபோது, அது நகரத்தின் கடமை என்ற நிலைப்பாட்டுக்கு அவர் வந்து சேர்ந்தது இந்த அனுபவத்தின் வழியாகத்தான் என்று சொல்லலாம்.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. முன்கோபமும் எதேச்சாதிகாரப் போக்கும் காவல் ஆணையராக இருந்தபோதும் மேயராக இருந்தபோதும் அவரை விட்டு நீங்கவில்லை. தம் கருத்துக்கு மாறானவரை முட்டாள் என்றோ திருடர் என்றோ கருதும் பழக்கம் நிறுவனத் தலைவர்களின் தொழில் நோய். அது அவரிடமும் இருந்தது. 1922 இறுதியில் அவர் அமெரிக்க செனட் அவைக்கு நியமிக்கப்பட்டார். நான்காண்டு முன்னர் ஹென்றி ஃபோர்டு போட்டியிட்டுத் தோற்ற அதே இடம் அது. அங்கே அவர், கருவூலச் செயலராக இருந்த பெருஞ்செல்வர் ஆண்ட்ரூ மெல்லனின் வரிக் குறைப்புகளை எதிர்த்தார். விளைவாக, 1919இல் பங்கு விற்றதற்குக் கூடுதல் வரி கட்டவேண்டுமென்று அவர் மீதே ஒரு கோடி டாலர் அளவுக்குக் கோரிக்கை வந்தது. வழக்கின் முடிவில் அவர்தான் அதிகமாகக் கட்டியிருக்கிறார் என்று தெரிந்து ஒன்பது இலட்சம் டாலருக்கும் மேல் திருப்பித் தரப்பட்டது.

1933 பிப்ரவரியில் டெட்ராய்டின் பெரிய வங்கிக் குழுமம் ஒன்று தள்ளாடியபோது, போதிய ஈடின்றி அதற்கு அரசுக்கடன் தரக்கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். பிப்ரவரி 14 அன்று மிச்சிகனின் வங்கிகள் அனைத்தும் மூடப்பட்டன. அந்தச் சரிவுக்கு அவர் எவ்வளவு பொறுப்பு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. நகரத்தில் பலர் அவரை மன்னிக்கவில்லை. கணக்கு விதி சரியாக இருந்தும் ஊர் துன்பப்படலாம் என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

தம் செல்வத்திலிருந்து 1929இல் ஒரு கோடி டாலர் கொடுத்து மிச்சிகன் குழந்தைகள் நிதியை நிறுவினார். முதலும் வட்டியும் இருபத்தைந்து ஆண்டுக்குள் முழுமையாகச் செலவழிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. பெயர் விளங்கப் பணத்தை என்றென்றும் பூட்டிவைக்கும் அறக்கட்டளைகளுக்கு நேர்மாறான ஏற்பாடு அது. 1954இல் நிதி சொன்னபடி தீர்ந்து முடிந்தது. கசன்ஸ் 1936இல் இறந்துவிட்டிருந்தார். அவர் வாங்கிக்கொடுத்த டிராம்களின் முடிவும் அருகில்தான் இருந்தது. 1956 ஏப்ரலில் டெட்ராய்டின் கடைசி டிராம் ஓடி நின்றது. வண்டிகள் மெக்சிகோ நகரத்துக்கு விற்கப்பட்டன. நிறுத்தியது தனியார் முதலாளி அல்லர், நகராட்சிதான். பொதுச்சொத்தாக ஆக்கிவிட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு தலைமுறையும் அதைக் காக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

டெட்ராய்டிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃப்ளிண்ட் நகரம் இதே கதையின் இருண்ட மறுபக்கம். 2010இல் மிச்சிகன் ஆளுநராகத் தேர்வு பெற்ற ரிக் ஸ்னைடர், பயிற்சியால் கணக்கர்; கேட்வே கணினி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். கடனில் மூழ்கிய நகரங்களுக்கு அரசே ஒரு நெருக்கடிகால நிர்வாகியை நியமித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரின் அதிகாரத்தையும் மன்றத்தின் அதிகாரத்தையும் அவர் கையில் கொடுக்கும் சட்டத்தை 2011இல் கொண்டுவந்தார். 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் அந்தச் சட்டத்தைத் தோற்கடித்தார்கள். அடுத்த மாதமே வேறு வடிவில் அது திரும்ப நிறைவேற்றப்பட்டது. அந்த ஆட்சிமுறையின் கீழ், 2014 ஏப்ரல் 25 அன்று, செலவை மிச்சப்படுத்த ஃப்ளிண்டின் குடிநீர் டெட்ராய்ட் அமைப்பிலிருந்து ஃப்ளிண்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. இரண்டாண்டில் ஏறத்தாழ 50 இலட்சம் டாலர் மிச்சமாகும் என்பது கணக்கு. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. ஈயக் குழாய்கள் அரித்து நஞ்சு வீடுகளுக்குள் வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் தன் எந்திர ஆலையில் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொண்டது; உலோகப் பாகங்கள் துருப்பிடித்தன. மக்களின் வீடுகளுக்கு அது மேலும் ஓராண்டு வந்துகொண்டிருந்தது. நிமோனியா வகையைச் சேர்ந்த லீஜியனேர் நோயில் பன்னிரண்டு பேர் இறந்தனர். 50 இலட்சத்தை மிச்சப்படுத்தப் போய், இழப்பீட்டு ஒப்பந்தம் 62 கோடி டாலரைத் தாண்டியது. குழந்தைகளின் மூளையில் ஏறிய ஈயத்தை எந்த ஒப்பந்தமும் திரும்ப எடுக்காது.

கசன்ஸும் கணக்கர், ஸ்னைடரும் கணக்கர். குணத்தால் ஒருவர் நல்லவர், மற்றவர் தீயவர் என்று பிரித்து ஆறுதல் அடைவது எளிது. வேறுபாடு அமைப்பில் இருந்தது. கசன்ஸ் ஒவ்வொரு பெரிய முடிவுக்கும் வாக்காளரிடம் போக வேண்டியிருந்தது. 1919இல் தோற்றார், திட்டத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார், 1920இலும் 1922இலும் வென்றார். அந்தத் தோல்விதான் பின்னர் நல்ல விலையைப் பெற்றுக்கொடுத்தது என்பதையும் மறக்கலாகாது. ஃப்ளிண்டில் பழுப்பு நிறத் தண்ணீர்ப் புட்டிகளோடு கூட்டத்துக்கு வந்த தாய்மார்களின் குரலைக் கேட்கக் கடமைப்பட்டவர் எவரும் நாற்காலியில் இல்லை. செலவின் சுமையைத் தாங்குபவருக்குச் செலவைத் தீர்மானிப்பவரை நீக்கும் உரிமை இருக்கிறதா என்பதே அடிப்படை.

இந்தியாவில் இந்த உரிமை ஓசையின்றித் தேய்ந்துகொண்டிருக்கிறது. 1992இன் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகர ஆட்சிக்கு உரிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. மாநிலங்கள் பலவும் அவற்றை முழுமையாகக் கைமாற்றவே இல்லை. 2015 ஜூனில் தொடங்கிய பொலிவுறு நகரங்கள் திட்டம், 100 நகரங்களில் ஒவ்வொன்றிலும் நிறுவனச் சட்டத்தின் கீழ் ஒரு தனிநோக்கு நிறுவனத்தை உருவாக்கி, அதற்கு ஒரு முதன்மைச் செயல் அலுவலரை அமர்த்தியது. மன்றத்தில் கேள்வி கேட்கப்பட வேண்டிய பணிகள் இயக்குநர் குழுவின் நிகழ்ச்சி நிரலுக்குள் போயின. மும்பை மாநகராட்சி 2022 மார்ச் முதல் மூன்றாண்டுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி ஒரு நிர்வாகியின் கீழ் இருந்தது. பெங்களூரு மாநகராட்சியின் மன்றம் 2020 செப்டம்பரில் கலைந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலைக் காணவில்லை.

டெட்ராய்டின் டிராம் கதைக்கு மும்பையிலேயே ஒரு நிழல் உண்டு. பெஸ்ட் போக்குவரத்தை 1947 ஆகஸ்டில் தனியார் நிறுவனத்திடமிருந்து மாநகராட்சி எடுத்துக்கொண்டது. அதன் நட்டத்தைக் குறைக்கும் வழியாக அண்மை ஆண்டுகளில் பேருந்தையும் ஓட்டுநரையும் ஒப்பந்ததாரரிடமிருந்து வாடகைக்கு எடுக்கும் முறை வந்தது. சொந்தப் பேருந்துகள் சில நூறாகச் சுருங்கின. 2023 ஆகஸ்டில் குறைந்த ஊதியத்தை எதிர்த்து ஒப்பந்த ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 மே மாதத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. இந்தக் கட்டண உயர்வைப் பற்றி விவாதிக்க அப்போது மாநகராட்சியில் ஓர் உறுப்பினர்கூட இல்லை. ஏட்டில் குறைந்த செலவு, வரிசையில் காத்திருக்கும் வீட்டுவேலைப் பெண்ணின் காலிலும், ஒப்பந்த ஓட்டுநரின் கூலியிலும் எழுதப்பட்டது.

நிறுவனங்களை நடத்தியவர்கள் நகர ஆட்சிக்கு வரவே கூடாது என்பது இதிலிருந்து பெறத்தக்க முடிவு ஆகாது. ஒப்பந்ததாரர் எழுதித் தரும் மதிப்பீட்டை வரிவரியாகப் படித்து விலையைப் பாதியாக்கத் தெரிந்தவர்கள் இந்திய மாநகராட்சிகளுக்கு மிகவும் தேவை. ஆனால் அப்படி ஒருவர் முன்னிறுத்தப்படும்போது அவருடைய இலாபக் கணக்கைப் பார்த்து வியப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர் முன்பு வெட்டிய செலவு யார் வீட்டில் போய் இறங்கியது? இங்கே வெட்டப்போவது ஒப்பந்ததாரரின் இலாபத்தையா, துப்புரவுத் தொழிலாளியின் கூலியையா? மக்கள் வேண்டாம் என்று சொன்னால், 1919இல் கசன்ஸ் செய்ததைப் போல, திட்டத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போய் வேறொன்றோடு வரும் கட்டாயம் அவருக்கு இருக்கிறதா?

மூன்றாம் கேள்விக்கு இல்லை என்பது விடையானால், முதல் இரண்டுக்கும் அவர் சொல்லும் விடை எதுவாக இருந்தாலும் அதற்குப் பொருளில்லை.